மெல்லிய சத்தங்கள்

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் ஹாலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் கட்ட உட்கார்ந்தார். கடையில் விற்பது எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. எல்லாவற்றிலும் இடியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை என்பார். பாடுகிறவர் எங்கேயாவது நிற்க வேண்டுமா என்ன என்று நான் நினைத்துக்கொள்வேன். எனக்குப் பாட்டு என்றால் சமைக்கும்போது எங்கிருந்தோ வந்துகொண்டிருப்பது, அவ்வளவுதான்.

அவர் விருதுநகர் பக்கத்துக்காரர். இளவயதில் ஆவடிக்கு வந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவர், இன்ஜின்களை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் பிரிவிலேயே கடைசிவரை இருந்தார். நான் மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்பத்தூரில் ஒரு கிளை நூலகத்தில் எனக்கு வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம் நடத்தினோம். எங்கள் ஒரே மகள் அங்கேதான் வளர்ந்து, படித்து, பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். ஓய்வு பெறும் சமயத்தில் பருத்திப்பட்டில், ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டு வந்தோம். நீளமான ஹால் ஒன்று வேண்டும் என்று அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது இந்த ஸ்பீக்கருக்காகத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய காதுக்குத் தொழிற்சாலையில் ஒரு மரியாதை இருந்தது. ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவாராம். அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் போனதில்லை. காதை மூடிக்கொள்ளக் கொடுத்த கவசத்தை அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார் என்றும் சொல்லிச் சிரிப்பார்கள். காதை அடைத்துக்கொண்டு இன்ஜினை எப்படிப் பார்ப்பது என்று அவரும் சிரிப்பார்.

முதலில் கட்டிய ஜோடியில் பெட்டிக்கு ஒன்றாகப் பெரிய காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் மட்டும் இருந்தது. அதற்கு எதிரே, சரியாக நடுவில், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். காய்கறி நறுக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைப் பக்கம் இருக்கும் எனக்கு மேளமும் அடிச் சத்தமும் மட்டும் நன்றாக வரும். பாட்டு என்னவோ போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். ஒரு நாள் அதை அவரிடம் சொன்னேன். எழுந்து வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு, தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்.

அன்றைக்குத்தான் பாடுகிறவர் நிற்பது என்றால் என்னவென்று புரிந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத சுவருக்கு முன்னால், ஒரு பெண் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்கம் கொஞ்சம் பின்னால் புல்லாங்குழல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தலையைச் சற்று நகர்த்தினேன். எல்லாம் கலைந்துவிட்டது.

அவர் பக்கத்தில் நின்றுகொண்டு விளக்கினார். தடித்த சத்தம் கதவிடுக்கில் வரும் தண்ணீர் மாதிரி எல்லாப் பக்கமும் பரவிவிடும். மெல்லிய சத்தம் அப்படி இல்லை. பெரிய கூம்பிலிருந்து வந்தால் அது டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும், வெளிச்சத்துக்கு நேரே இருக்கிறவருக்குத்தான் அது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் வயலினின் இழுப்பு, சலங்கை, பாடுகிறவர் விடும் மூச்சு எல்லாம் போய்விடும், மிச்சம்தான் கிடைக்கும். இதைச் சொல்லிவிட்டு, இத்தனை நாளாக மிச்சத்தையா கேட்டுக்கொண்டிருந்தாய் என்று என்னைக் கேட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். ஒரு பாட்டு அவர், ஒரு பாட்டு நான். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் மாறி மாறிப் படம் பார்ப்பது போலிருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் ரிட்டயர்மென்ட் வருதுல்ல. அதுக்குள்ள ரெண்டு பேரும் உக்காந்து கேக்குற மாதிரி ஒண்ணு கட்டிடறேன்" என்றார்.

இரண்டாவது ஜோடியின் வேலை அப்படித் தொடங்கியது. கோவில்பதாகையில் ஒரு தச்சர் இருந்தார், எங்கள் வீட்டுக்கு அலமாரி செய்தவர். அவரிடம் பெட்டிகளைச் செய்யக் கொடுத்தார். இந்த முறை பெட்டிக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். கீழே தடித்த சத்தத்துக்கு நடுத்தர அளவில் ஒரு வூஃபர், மேலே மெல்லிய சத்தத்துக்குக் கொட்டைப்பாக்கு அளவு குமிழ் கொண்ட ஒரு ட்வீட்டர். சிறியதிலிருந்து வரும் சத்தம் அகலமாக விரியும். ஆனால் கட்டுப்பாடில்லாமல் விரிந்தால் பக்கத்துச் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பி வந்து பாட்டைக் குழப்பும். அதனால் ட்வீட்டரைச் சுற்றி, ஆழமில்லாத கிண்ணம் போல ஒரு பள்ளத்தை மரத்திலேயே குடைய வேண்டும், அதன் விளிம்பை எவ்வளவு வளைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். தச்சருக்கு அது விளங்கவில்லை.

"இன்னா சார், பொட்டி மூஞ்சில இம்மாம் பெரிய பள்ளம் எதுக்கு? தட்டு வெச்சி சோறு துண்ணவா?" என்று கேட்டார்.

என் கணவர் அவரை ஹாலுக்குக் கூட்டிவந்து, பழைய ஸ்பீக்கருக்கு எதிரே நடக்கச் சொல்லிக் காட்டினார். நடந்து பார்த்த பிறகு தச்சர் கேலி செய்யவில்லை. பள்ளத்தை மூன்று விதமாகக் குடைந்து கொண்டுவந்தார்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வேதனையாக இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெட்டிகளுக்குப் பின்னால் வயர்களோடு தரையில் உட்கார்ந்திருப்பார். நான் ஹாலில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை மெதுவாக நடக்க வேண்டும். வயலின் ஓடிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் மங்குகிறது, எந்த இடத்தில் காதைக் குத்துகிறது என்று சொல்ல வேண்டும். புத்தகங்களோடு வாழ்ந்த எனக்குக் காது என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. முதலில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். போகப் போக, ஜன்னலோரம் கொஞ்சம் குறைகிறது, சோபாவில் உட்கார்ந்தால் சரி, நின்றால் போய்விடுகிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் பள்ளத்தின் விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பார். மறுபடி நடப்பேன்.

வேலை முடிந்த அன்று மாலை நான் சமையலறையில் இருந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றேன். அங்கிருந்தே சலங்கை ஒலி மணி மணியாகக் கேட்டது. ஜன்னலோரம் போனேன், சாப்பாட்டு மேஜைக்குப் போனேன், எங்கே போனாலும் பாட்டு முழுசாக இருந்தது. சோபாவில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் நினைத்தபடி அவர் முகம் இல்லை.

"மேல ஒண்ணும் வரலையே" என்றார்.

நன்றாக வருகிறது என்றேன். அவர் நம்பவில்லை. இத்தனை பாடுபட்டவரின் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். எழுந்து போய் ட்வீட்டரின் சத்தத்தைக் கூட்டினார். எனக்குக் காதில் சுருக்கென்றது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் கூட்டினார்.

மறுநாள் ட்வீட்டர்களைக் கழற்றிக்கொண்டு, அவற்றை வாங்கிய ரிச்சி தெருக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஓட்டிப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல, அங்கே வாக்குவாதமாகி, வேறு ஜோடி வாங்கி வந்தார். அதுவும் சரியில்லை என்று திரும்பவும் போனார். பிறகு குற்றம் அறையின் மேல் போயிற்று. திரைச்சீலைகள் மெல்லிய சத்தத்தைக் குடித்துவிடுகின்றன என்று கழற்றினார். தரைவிரிப்பு போயிற்று, மெத்தை வைத்த சோபா உள்ளறைக்குப் போயிற்று. மொட்டைச் சுவரும் டைல்ஸ் தரையுமாக ஹால் நின்றது. இரண்டு மர நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டோம். வயலின் இழுப்பது எனக்குத் தகரத்தைக் கீறுவது போல விழுந்தது. தலைவலிக்கிறது என்று ஒருநாள் எழுந்து போய்விட்டேன். அவர் நாற்காலியைத் திருப்பாமலே, நீயாவது உண்மையைச் சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

வேறு சில விஷயங்களும் அப்போது நடந்துகொண்டிருந்தன. வாசலில் குருவி கத்துவது போல ஒலிக்கும் அழைப்பு மணி வைத்திருந்தோம். அது வேலை செய்யவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொல்வார். லைப்ரரியில் பேசுவது போலவே வீட்டிலும் பேசுகிறாய் என்று குறைப்படுவார். அது குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்தே அவர் சொல்லிவரும் கேலி. என் குரலும் தணிந்த குரல்தான். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மகள் விடுமுறைக்கு வந்தாள். வெறிச்சோடிய ஹாலைப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, வீடு காலி பண்ணப் போறீங்களா என்று கேட்டாள். அப்பா ஸ்பீக்கரின் கதையைச் சொன்னார். அவள் அவரை மாதிரியே, எதையும் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்கிறவள். தன் போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கினாள். மிகத் தாழ்ந்த சத்தத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரே நீளமான ஒலி. அதை ஸ்பீக்கரில் ஓட்டினால் எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும் என்றாள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்கிறவரைக்கும் கையைத் தூக்கிவைத்திருங்கள் அப்பா, நின்றதும் இறக்குங்கள் என்றாள். நானும் அவளும் சுவரோரமாக நின்றோம்.

முதலில் தரை அதிர்வது போல வந்தது. பிறகு சங்கு ஊதுவது போல, பிறகு புல்லாங்குழல் போல, பிறகு விசில் போல ஏறியது. விசிலுக்குக் கொஞ்சம் மேலே போனதும் அவர் கையை இறக்கிவிட்டார்.

சத்தம் நிற்கவில்லை. ஊசி போலக் கூர்மையாகி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். அவளுடைய ஒரு கை காதருகே போயிருந்தது.

"அவ்வளவுதானே? பாத்தியா, அங்கேயே நிக்குது. நான் சொன்னேன்ல" என்றார் அவர்.

"அப்பா, அது இன்னும் ஓடிட்டிருக்குப்பா" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எழுந்து போய் பெட்டியின் முன் குனிந்து, ட்வீட்டருக்கு எதிரே காதை வைத்தார். ஒரு காது, பிறகு மறு காது. போடு என்றார். ஓடுதுப்பா என்றாள் மறுபடி. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, ஆம்ப்ளிஃபையரைத் தானே அணைத்துவிட்டு, ஏரிப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மகள் ஊருக்குப் போவதற்குள் அம்பத்தூரில் செவித்திறன் பார்க்கும் ஒரு மையத்தில் நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். நாங்கள் இருவரும் போனோம். கண்ணாடி வைத்த சிறிய அறைக்குள் அவரை உட்கார வைத்துச் சோதித்தாள் ஓர் இளம்பெண். வெளியே வந்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், அங்கிருந்து கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கியது. இரண்டு காதிலும் அப்படித்தான். இது சமீபத்தில் வந்தது இல்லை, பல வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது என்றாள். பெரிய இரைச்சலில் வேலை பார்த்தீர்களா, காதுக்குக் கவசம் கொடுத்தார்களா என்று கேட்டாள்.

"குடுத்தாங்கம்மா. நான்தான் போடல" என்றார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"நீங்க பேசுறது சாருக்குக் கேக்கும் மேடம். என்ன பேசுறீங்கன்னுதான் பாதி நேரம் புரிஞ்சிருக்காது. ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் மெல்லிய சத்தம். அது போயிடும், மீதி கேக்கும். அவரே ஊகிச்சுப் பதில் சொல்லிட்டிருந்திருப்பார்."

திரும்பும்போது அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். ஒரு ரயில் வந்து போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அப்படியென்றால் அந்த ட்வீட்டரில் ஒரு கோளாறும் இல்லை என்றார். இல்லை என்றேன். பாவம், அந்தக் கடைக்காரரிடம் இரண்டு தடவை சண்டை போட்டேனே என்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"மொத நாள் நீ கேட்டியே, கிச்சன்லேருந்து வந்து. எப்படி இருந்துச்சு? சும்மா நல்லா இருந்துச்சுன்னு சொல்லாத. சரியாச் சொல்லு."

நான் சொன்னேன். வாசற்படியில் நின்றபோது சலங்கை தனித்தனியாகக் கேட்டதை, ஜன்னலோரம் போனபோது பாடுகிறவள் இடம் மாறாமல் அங்கேயே நின்றதை, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தும் வயலின்கள் ஒரு வரிசையாகத் தெரிந்ததை, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அவள் மூச்செடுத்ததை. நடைமேடையில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி உரக்கப் பேசினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நல்லாத்தான் கட்டியிருக்கேன்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டியவரால் மட்டும் கேட்க முடியாத ஸ்பீக்கர் எங்கள் ஹாலில் இருந்தது.

காது மெஷின் வாங்கினோம். அது பேச்சுக்கு உதவியது. அழைப்பு மணியின் குருவி அவருக்குக் கேட்டது. அன்றைக்கு வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்து அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஆனால் பாட்டுக்கு மெஷின் ஒத்துவரவில்லை. வயலின் கேட்டது, ஆனால் வயலினாக இல்லை, சாணை பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மையத்துக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வருவார். ஒரு வாரம் முயன்று பார்ப்பார். மறுபடி போவார். மூளையிடம் பல வருஷமாகப் போகாத சத்தத்தை இப்போது அனுப்பினால் அதற்குப் பழக நாளாகும் என்றாள் அந்தப் பெண். சிலருக்குப் பழகும் என்றும் சொன்னாள். இவருக்குப் பழகவில்லை.

ஒரு சமயம் வேறொரு வழியை அவரே கண்டுபிடித்தார். மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, பழக்கமான பாட்டைப் போட்டு, கேட்கிற வரைக்கும் கேட்பார். கேட்காத இடங்களில் என்ன நடக்கிறது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதருகே சொல்ல வேண்டும். இப்போது வயலின் மேலே போகிறது. இப்போது மணி மாதிரி ஒன்று, வலது பக்கம். இப்போது அவள் நிறுத்திவிட்டாள், குழல் மட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைப்பார். அந்தப் பாட்டுகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் எடுத்துக் கொடுத்தால் போதும், மனசுக்குள் ஓட்டிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இது இப்படியே நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கொஞ்ச நாள்தான் நடந்தது. ஒரு மத்தியானம் பாட்டின் நடுவிலேயே என் கையைத் தொட்டு நிறுத்தச் சொன்னார்.

"நீ சொல்லச் சொல்லத்தான் என்னென்ன போச்சுன்னு தெரியுது. வேண்டாம்மா" என்றார்.

அதற்குப் பிறகு ஸ்பீக்கர்கள் ஓடவில்லை. நான் வாரா வாரம் துடைத்து வைப்பேன்.

பாட்டு போனதைவிட எனக்குப் பெரிய இழப்பு வேறொன்று. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. விளக்கை அணைத்துப் படுத்த பிறகு பேசுவது எங்கள் வழக்கம். பகலில் சொல்ல நேரமில்லாத எல்லாவற்றையும், மகளைப் பற்றிய கவலைகளை, நூலகத்துக்கு வருகிறவர்களின் கதைகளை, அப்போதுதான் பேசுவோம். இப்போது படுக்கும்போது அவர் மெஷினைக் கழற்றிவிடுவார். இருட்டில் என் வாயும் தெரியாது. எத்தனை வருஷமாக அந்த இருட்டில் நான் சொன்னதில் பாதியை மட்டும் கேட்டு, ம் ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாரோ என்று நினைப்பேன். பழைய ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து நான் கேட்ட பாட்டைப் போல. ஆனாலும் அந்த ம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பேச வேண்டும் என்று தோன்றினால் விளக்கைப் போட்டு, அவரை எழுப்பி, மெஷினை மாட்டச் சொல்லி, அதற்குப் பிறகும் சொல்லத் தகுந்த விஷயம் எங்கள் வயதில் எத்தனை இருக்கும்?

போன வருஷம் ஒருநாள் அவரே தச்சருக்குப் போன் செய்து வரச் சொன்னார். ஸ்பீக்கர்களை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துக்கொள் என்றார். தச்சர் திகைத்துவிட்டார்.

"இன்னா சார் சொல்றீங்கோ? எம்மாம் கஷ்டப்பட்டு செஞ்ச பொட்டி. ஊட்டுலயே இருக்கட்டும் சார். அக்கா கேப்பாங்கல்ல?"

அக்கா ஒருத்திக்கு எதற்கு, உன் வீட்டில் இத்தனை பேர் இருக்கிறீர்களே என்றார் இவர். தச்சர் என்னைப் பார்த்தார். நான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குக் கேட்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அதை ஓடவிட என்னால் முடியாது. அது அவருக்கும் தெரியும்.

பெட்டிகளை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். தானும் வந்துதான் பொருத்துவேன் என்று இவர் கிளம்பினார். நானும் கூடப் போனேன். தச்சரின் வீடு கோவில்பதாகையில் ஒரு சந்துக்குள், ஒரே ஒரு அறையும் சமையல் மூலையுமாக இருந்தது. அவர் மனைவி, இரண்டு மகள்கள், மருமகன், பக்கத்து வீட்டு ஆட்கள் என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். இவர் முழங்காலில் உட்கார்ந்து பெட்டிகளை வைக்க இடம் பார்த்தார். சுவரை விட்டுத் தள்ளி வைக்க இடமில்லை. கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி, கீழே பலகை கொடுத்து, உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்குத் தூக்கி வைத்தார். பீரோக் கதவு சத்தத்தைத் திருப்பி அடிக்கும் என்று அதன்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிடச் சொன்னார்.

பாட்டு ஓடியது. ஆளாளுக்குக் கட்டிலிலும் தரையிலும் வாசற்படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் யாரையும் பேசவிடாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கட்டிலில் இருந்த தச்சரின் மகளிடம், அங்கே கேட்கிறதா என்று கேட்டார். கேட்குது தாத்தா என்றாள். சமையல் மூலையில் நின்ற தச்சரின் மனைவியிடம் கேட்டார். நல்லா கீது சார் என்றார் அந்த அம்மா. வாசலில் நின்றவரிடமும் கேட்டார். கடைசியாக என்னைப் பார்த்தார், கேட்கவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். நான் தலையசைத்தேன். அங்கே, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், அந்தப் பெண் நின்று பாடினாள். கண்ணீர் என் கண்ணை மறைத்தது. எல்லோர் மேலும் பாட்டு ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. தச்சர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். வழியெல்லாம் அவர் முகம் அமைதியாகத்தான் இருந்தது.

விஷயம் தெரிந்த மகள் எனக்குக் காதில் மாட்டிக்கொள்ளும் இயர்போன் ஒன்று அனுப்பினாள். அவர் சாயங்காலம் ஏரிக்கரைக்கு நடக்கப் போகும் நேரத்தில் பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேட்பேன். அவர் வருவதற்குள் கழற்றி, ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வேன். இயர்போனில் யாரும் எதிரே நிற்பதில்லை. பாட்டு தலைக்குள்ளேயே ஓடுகிறது. இருந்தாலும் விட முடியவில்லை. இந்த ருசியை எனக்குப் பழக்கியவர் அவர்தானே.

போன மாதம் தூறல் போட்டதால் அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். பாட்டுச் சத்தத்தில் கேட் திறந்தது எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது நனைந்த சட்டையோடு எதிரே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. நான் அவசரமாகக் காதிலிருந்து உருவினேன்.

"ஏன் எடுக்குற? பாதிப் பாட்டுல நிறுத்தக் கூடாது. கேளு" என்றார்.

துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். நான் அதைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு வரிகூட எனக்குள் போகவில்லை.